எழுவர் கூட ஓர் இடம்

மனிதர் ஒன்றுகூடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. திருவிழாவுக்குக் கூடுவர், திருமணத்துக்குக் கூடுவர், துக்கத்துக்கும் கூடுவர். ஆனால், ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையைச் செய்வோர் ஒருவரையொருவர் நேரிற் காண்பதற்கென்றே நாட்குறித்துப் பயணம் செய்வது நமது காலத்துப் புதுமையாகும். 2020 மார்ச் 20ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது, கணினித் தொழில் செய்வோர் பலர் அலுவலகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். ஊரடங்கு நீங்கிய பின்னரும் அவர்கள் எல்லோரும் திரும்பிச் செல்லவில்லை. கொழும்பில் வாடகை அறை தேடி அலைந்த இளைஞர் சிலருக்குச் சொந்த ஊரிலிருந்தே ஊதியம் பெறும் வாய்ப்புக் கிட்டியது. கட்டுகஸ்தோட்டையில் இருந்துகொண்டு பணிபுரியும் நானும் அவ்வாறு தங்கிவிட்டவர்களுள் ஒருவன்.

திரையில் முகம் பார்த்துப் பேசினாற் போதாதா என்று சிலர் கேட்பர். அன்றாட வேலைக்கு அது போதும். ஒருவர்மீது ஒருவர் நம்பிக்கை கொள்வதற்கு ஒரு பொழுதேனும் ஒரு பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டியிருக்கிறது. வேர்ட்பிரஸ் மென்பொருளோடு தொடர்புடைய ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் ஊழியர் பல நாடுகளில் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். அந்நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை அவர்களை ஓரிடத்திற் கூட்டும் வழக்கத்தை நெடுங்காலம் கைக்கொண்டு வந்தது. இத்தகைய கூட்டங்களை எங்கே, எப்போது நடத்தலாம் என்று வகுத்துக் கொடுக்கும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை எங்கள் குழு வடிவமைத்து வருகிறது.

பல திசைகளிலிருந்து வருவோரை ஒரு நேரத்தில் ஓரிடத்திற் சேர்க்கும் கலை கண்டி நகருக்குப் புதியதன்று. எசல பெரஹராவைப் பாருங்கள். தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நாதன், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வந்து சேர்கின்றன. கண்ணகியைப் பத்தினித் தெய்வமாகக் கொண்டாடும் தேவாலயத்தின் ஊர்வலம் வரிசையில் இறுதியாகச் செல்லும். யானையும் முரசும் ஆடுவோரும் தத்தம் இடத்திலிருந்து புறப்பட்டு, குறித்த நேரத்தில் குறித்த வரிசையில் நிற்பர். ஆனால் அங்கே ஒவ்வொருவர் இடத்தையும் மரபு முன்னரே வகுத்துவிட்டது. மரபில்லாத எங்கள் கூட்டத்துக்கு அதை யார் வகுப்பது? இங்கேதான் எங்கள் குழுவினுள் விவாதம் எழுந்தது.

நாங்கள் எழுவர். ஐவர் கொழும்பில் இருக்கின்றனர், ஒருவர் யாழ்ப்பாணத்தில், நான் கண்டியில். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதி வழியே ஏறத்தாழ 320. கொழும்பிற் கூடினால் எல்லோரும் ஒரு வழியிற் செல்லும் தூரத்தின் கூட்டுத்தொகை 515 கிலோமீற்றர். கண்டியிற் கூடினாலோ அது 895 ஆகிவிடும். "கொழும்பே சிக்கனம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார் ஒரு நண்பர்.

கணக்குச் சரியே. ஆயினும் அந்தக் கணக்கில் ஐவர் வீட்டைவிட்டு அசையவே இல்லை. ஒருவர் மட்டும் 400 கிலோமீற்றர் வருகிறார். கூட்டுத்தொகையைக் குறைப்பது ஒரு முறை. மிகத் தொலைவிலிருந்து வருபவரின் சுமையைக் குறைப்பது இன்னொரு முறை. இரண்டும் கணிதத்துக்கு உடன்பாடானவையே. எதனைத் தேர்வது என்பதைக் கணிதம் சொல்லாது. நாமே சொல்ல வேண்டும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் மூன்று முறை கூட்டம் நடந்தது, மூன்றும் கொழும்பிலேயே. வடக்கிலிருந்து வந்த நண்பர் ஒவ்வொரு முறையும் இரவு பஸ்ஸில் வந்து, காலையில் முகங் கழுவிக்கொண்டு நேரே கூட்டத்தில் அமர்வார். மற்றவர்கள் தூங்கி எழுந்து வந்து உற்சாகமாகப் பேசுவர். அவர் கண்ணெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருப்பார். பயணச்சீட்டுக்குக் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பி வரச் சில வாரங்கள் ஆகும். "அவர் எதுவும் பேசுவதில்லை" என்று மேலதிகாரி ஒருவர் குறைப்பட்டார். நான்காம் முறை, "நான் திரையிலேயே கலந்துகொள்கிறேன்" என்று எழுதினார். பின்னர் வேலையையும் விட்டுவிட்டார். ஒற்றுமைக்காகக் கூட்டிய கூட்டமே ஒருவரை வெளியே தள்ளிவிட்டது.

ஆகவே எங்கள் செயலியில் ஒரு பேரேடு வைத்தோம். கடந்த முறை யார் எவ்வளவு தூரம் வந்தார், எத்தனை மணி நேரம் வழியிற் கழித்தார் என்பதை அது நினைவில் வைத்திருக்கும். அடுத்த இடத்தைத் தேடும்போது அவருக்கு அண்மையான ஊரை முன்வைக்கும். மொத்தச் செலவையும் தனியொருவர் சுமையையும் அருகருகே காட்டும், மறைக்காது. பயணச்சீட்டை நிறுவனமே முன்கூட்டி வாங்கும்படி வழிசெய்யும். கைக்குழந்தை, உணவுக் கட்டுப்பாடு, படியேற இயலாமை போன்றவற்றில் என்ன வசதி வேண்டும் என்று மட்டும் கேட்கும். ஏன் என்று கேட்காது. இவையெல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கும்.

நாள் குறிப்பதிலும் இதே நியாயம் வேண்டும். போயா தினம் விடுமுறையென்று எல்லோருக்கும் தெரியும். பெரஹரா நாட்களில் கண்டியில் தங்க அறை கிடைப்பது அரிது என்பதும் தெரியும். அதே காலத்தையொட்டி நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா நடப்பதும், நோன்பு மாதத்தில் மதிய விருந்து ஒருவருக்கு ஒவ்வாதென்பதும் கொழும்பிலுள்ள நாட்காட்டிக்கு எளிதிற் தோன்றுவதில்லை.

கூட வேண்டாம் என்று சொல்லவும் இக்கருவி அறிந்திருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையால் கண்டி மாவட்டத்தில் மண்சரிவில் பலர் உயிரிழந்தனர். மலைநாட்டுப் பாதைகளும் புகையிரத வழியும் துண்டுபட்டன. அத்தகைய நாளில் அச்சிட்ட நேர அட்டவணையை நம்பி ஒருவரைப் புறப்படச் செய்வது பெருங்குற்றம். எச்சரிக்கை வந்ததும் கூட்டத்தைத் தள்ளிவைக்கவும், முற்பணத்தை இழப்பவர் ஊழியராகாதிருக்கவும் வழி வகுத்திருக்கிறோம்.

எங்கள் எழுவருக்கே இச்செயலியை முதலிற் பயன்படுத்திப் பார்த்தோம். இம்முறை கண்டி, அடுத்த முறை யாழ்ப்பாணம் என்று விடை வந்தது. சிக்கனம் பேசிய நண்பர் முகஞ்சுளித்தார். அவர் வீட்டில் பிறந்து சில மாதங்களேயான குழந்தை இருக்கிறது. அவருடைய சுளிப்பிலும் நியாயம் உண்டு. அதனையும் பேரேட்டில் எழுதினோம். ஏ-9 வீதி கண்டியில் தொடங்குகிறது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் மூடிக் கிடந்த அவ்வீதியில் தெற்கு நோக்கி வந்தவர்களை நாம் பலமுறை வரவேற்றிருக்கிறோம். வேலைத் தோழர்களாய் அதே வீதியில் வடக்கு நோக்கி நாமும் ஒருமுறை சென்று, பயணக் களைப்போடு அவர்கள் மேசையில் அமர்ந்து பார்ப்பது நன்று.