கிளட்ச்சைச் சட்டென விட்டால் கார் ஏன் அணைந்துபோகிறது?

கார் ஓட்டப் பழகும் பலருக்கும் முதல் நாளில் நேர்வது இது: கிளட்ச்சிலிருந்து காலை எடுத்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடும். ஏன்?

பெட்ரோல், டீசல் என்ஜின்களால் நின்ற நிலையிலிருந்து இழுக்க முடியாது. சும்மா ஓடும்போதுகூட அவை நிமிடத்துக்குச் சுமார் 800 முறை சுழல வேண்டும். சக்கரங்களோ அசையாமல் நிற்கின்றன. இரண்டையும் சட்டென இணைத்தால், காரின் கனம் என்ஜினின் வேகத்தை அமுக்கிவிடும், அது ஓய்ந்துபோகும்.

இந்த இணைப்பைப் படிப்படியாக நிகழ்த்துவதே கிளட்ச்சின் வேலை. என்ஜினோடு சுழலும் கனத்த ஃபிளைவீல் மீது, கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் தட்டை வலிய ஸ்பிரிங் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கிறது. பெடலை மிதித்தால் பிடி விலகும். மெல்ல விட்டால் தட்டு முதலில் வழுக்கி உரசும். உராய்வு கூடக்கூடச் சக்கரம் வேகம் பெறும். பிறகு எல்லாம் ஒன்றாய்ச் சுழலும்.

பிடி விழும் இடத்தைக் கவனித்தால் தெரியும்: என்ஜின் சத்தம் சற்றே தாழும், வண்டி லேசாக அதிரும். அங்கே காலை ஒரு கணம் நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். கார் நகர்ந்து வேகம் பிடித்ததும் கிளட்ச்சை முழுதாக விடுங்கள். அரை கிளட்ச்சிலேயே ஓட்டினால் உராய்வின் சூட்டில் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

முதல் நாள் பத்து முறை அணைந்தாலும் மனம் தளராதீர்கள். பழகப் பழகக் கால் தானே கற்றுக்கொள்ளும்.