கணிப்பொறியும் கிழமைக் கணக்கும்

‘இன்று என்ன கிழமை?’ என்ற வினாவுக்குச் சுவரில் தொங்கும் நாட்காட்டி விடை தந்துவிடும். கணிப்பொறி அதனைக் கணக்கிட்டே அறிய வேண்டும். வாரத்தில் சில நாட்கள் மட்டும் ஓடும் ரயில்கள் பல உள்ளன. 2015 செப்டம்பர் 1 முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கி விடுமுறையாக்கப்பட்டன. நிரலில் கிழமை பிழைத்தால் பயணச்சீட்டும் பணப் பட்டுவாடாவும் பிழைபடும். அதனால் இன்னலுறுவோர் பொதுமக்களே.

கணக்கின் அடிப்படை

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகள், 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவு முதல் கழிந்த விநாடிகளை எண்ணி வருகின்றன. அதனை 86,400 ஆல் வகுத்தால் கழிந்த நாட்கள் கிடைக்கும். தொடக்க நாள் வியாழக்கிழமை. ஆகவே நாட்களின் எண்ணிக்கையுடன் 4 கூட்டி 7 ஆல் வகுத்து மீதியைக் கொள்ள வேண்டும். மீதி 0 எனில் ஞாயிறு. 6 எனில் சனி. 2000 ஜனவரி 1 வரை கழிந்தவை 10,957 நாட்கள். 4 கூட்டினால் 10,961, மீதி 6. அன்று சனிக்கிழமையே.

முற்பட்ட நாட்களுக்கு எண்ணிக்கை எதிர்க்குறி பெறும். குடியரசு மலர்ந்த 1950 ஜனவரி 26, தொடக்க நாளுக்குச் சரியாக 7,280 நாட்கள், அதாவது 1,040 வாரங்கள் முந்தையது. எனவே அதுவும் வியாழனே. 1947 ஆகஸ்ட் 15 ஆனது 8,175 நாட்கள் முந்தையது. 4 கூட்டினால் எதிர்க்குறி 8,171. சி மொழியில் இதன் மீதி எதிர்க்குறி 2 என வரும். அவ்வாறு ஒரு கிழமை இல்லை. 7 கூட்டினால்தான் 5, அதாவது வெள்ளி என்ற சரியான விடை கிட்டும். பைத்தான் மொழியோ நேராகவே 5 எனத் தரும்.

எண்ணிடுவதில் வேற்றுமை

கிழமைகளுக்கு எண் தருவதில் மொழிகள் ஒன்றுபடவில்லை. சி மொழியில் ஞாயிறு 0. பைத்தானின் வழக்கமான முறையில் திங்கள் 0. ஜாவாவின் பழைய முறையில் ஞாயிறு 1. 2014-இல் வந்த புதிய முறையில் திங்கள் 1. ஒரு நிரலின் எண்ணை மற்றொன்று அப்படியே ஏற்றால் கிழமை ஒன்றிரண்டு நாள் நகர்ந்துவிடும். கிழமையின் பெயரையோ முழுத் தேதியையோ அனுப்புவது பாதுகாப்பானது.

ஐந்தரை மணி நேர இடைவெளி

இந்திய நிரல்களில் பெரும் பிழைக்கு இடமளிப்பது நேர வேறுபாடு. இந்தியப் பொது நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம், அதாவது 19,800 விநாடி முந்தியது. இதனைக் கூட்டாமல் கணக்கிட்டால், நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை கணிப்பொறி முந்தைய கிழமையையே காட்டும். சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்குப் புறப்படும் ரயிலை அது வெள்ளிக்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடும். அலுவலக வேளையில் சோதித்தால் இப்பிழை வெளிப்படாது.

பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில் தொடங்குவதால், இத்தகைய விடை சிலருக்கு இயல்பாகவும் தோன்றலாம். ஆனால் அரசு அலுவல்களில் நாள் மாறுவது நள்ளிரவில்தான்.

செய்யத்தக்கவை

நிரலர், நேர மண்டலத்தை வெளிப்படையாகக் குறித்து, மொழியிலேயே அமைந்துள்ள தேதிச் செயல்பாடுகளைப் பயன்படுத்துதல் நலம். கடிகாரமே தவறாயின் எக்கணக்கும் பயன்படாது. கணிப்பொறிக் கடிகாரங்களை தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் இசைவிக்குமாறு 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு பணித்தது. புதிய நிரலை ஏற்கும் அதிகாரிகள், நள்ளிரவுக்குச் சற்று முன்னும் பின்னும், காலை 5.30-க்கு முன்னும் பின்னும் அதனைச் சோதிக்கச் செய்வது அவசியம். அச்சில வேளைகளின் சோதனை, பின்னர் பலருக்கு நேரக்கூடிய அலைச்சலைத் தவிர்க்கும்.