கால்வரை பரவும் இடுப்பு வலி

முதுகெலும்புகளுக்கு இடையே டிஸ்க் எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து பிட்டம் வழியாகக் கால்வரை இறங்கும். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என மக்கள் சொல்வது இதையே. முதியோர்க்கு நரம்புப்பாதை குறுகுவதாலும் கால் வலிக்கலாம். அது நடக்கையில் மிகுந்து, அமர்ந்தால் தணியும்.

வட்டுப் பிதுக்க வலி பெரும்பாலோர்க்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சையின்றியே குறைகிறது. படுத்தே கிடவாமல் இயன்றவரை நடமாடுங்கள்.

ஆனால், சிறுநீர் பிரியாமை, தன்னையறியாமல் சிறுநீரோ மலமோ கழிதல், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வின்மை, பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், சுளுக்கு என்றெண்ணி வழித்துக்கொண்டிராதீர்கள். விடியும்வரையும் காத்திராமல், கோரிமேடு ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். தாமதித்தால் நரம்பின் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும்.