மருத்துவருக்கும் ஓய்வு வேண்டும்



பால்மரக் காலத்தைப் பார்த்த பெரியவர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று வெட்டிய மரத்திற்கு நாளை ஓய்வு. அதற்கு மறுநாள்தான் அதில் மீண்டும் கத்தி படும். பல தோட்டங்களில் இதுவே நடைமுறையாக இருந்தது. அளவுக்கு மீறி வெட்டினால் பட்டை வறண்டு போகும். மரம் பச்சையாகத்தான் நிற்கும், இலையும் தளிர்க்கும். ஆனால் மங்கில் பால் விழாது. அப்போது மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டை நிறுத்தி அதை ஓய விட வேண்டும்.

மனிதருக்கும் இப்படி ஒரு வறட்சி உண்டு. அதனைப் 'பர்னவுட்' என்கிறார்கள். நாம் பணிச்சோர்வு என்று சொல்லலாம். நியூயார்க் நகரில் ஓர் இலவச மருத்துவமனையில் ஆர்வத்தோடு தொண்டு செய்தவர்களே சில மாதங்களில் சோர்ந்து வெறுத்துப் போவதைக் கண்டு, ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியல் அறிஞர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது. முதலாவது, உடலும் மனமும் சக்தியற்றுப் போவது. இரண்டாவது, செய்யும் வேலையில் வெறுப்பும் விலகலும் தோன்றுவது. மூன்றாவது, 'நாம் செய்வதில் பயனில்லை' என்ற எண்ணம். இது ஒரு நோயன்று, வேலையிடத்தில் நீண்ட நாள் தீராத அழுத்தத்தால் உண்டாகும் நிலை என்றும் அந்நிறுவனம் சொன்னது.

டாக்டர்களின் சோர்வைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் பெருந்துங் வட்டாரங்களில், தோட்டத்தில் உழைத்து வளர்த்த பிள்ளை டாக்டராகவோ தாதியாகவோ வரவேண்டும் என்பது எத்தனையோ வீடுகளின் கனவு. அந்தக் கனவு நனவாகும் வீட்டில் ஒரு புதிய சங்கடம் தொடங்குகிறது. மாதத்தில் ஒரு நாள் வீட்டிற்கு வரும் பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறது. கேட்ட கேள்விக்கு எரிந்து விழுகிறது. "நாங்கள் படாத கஷ்டமா? ஏசி அறையில்தானே வேலை?" என்று தாய் மனம் நொந்து கேட்கிறாள். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வாய் திறப்பதில்லை.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மலேசியாவில் பட்டம் பெற்ற மருத்துவர் முதலில் பயிற்சி மருத்துவராக, அதாவது 'ஹவுஸ்மேன்' ஆக, பணிபுரிய வேண்டும். 2008-இல் இந்தப் பயிற்சி ஓராண்டிலிருந்து ஈராண்டாயிற்று. மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, எலும்பு முறிவு என்று நான்கு மாதத்திற்கு ஒரு துறை மாற வேண்டும். ஒரு துறையின் பழக்கம் கைக்கு வரும் நேரத்தில் அடுத்த துறைக்குப் போயாக வேண்டும். முன்பெல்லாம் பகல் வேலை முடித்து, இரவும் விழித்திருந்து, மறுநாளும் வேலை பார்ப்பார்கள். 2011-இல் ஷிப்டு முறை கொண்டுவரப்பட்டது.

தூக்கமில்லாமல் வேலை செய்வது வீரமாகாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், மது அருந்தியவரின் நிலைக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளியாயிற்று. நீண்ட நேரப் பணிமுறையில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்ட முறையில் இருந்தபோது செய்ததைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்தனர். கை தளர்ந்த தொழிலாளியின் கத்தி மரத்தில் காயம் போட்டுவிடும். மருத்துவரின் கை தளர்ந்தால் காயம் படுவது மனிதருக்கு.

எல்லாத் துறைகளும் ஒரே மாதிரி இல்லை. அறுவை மருத்துவர் மணிக்கணக்கில் நின்றபடி வேலை செய்கிறார். மகப்பேற்றுத் துறையில் பிரசவ வலிக்கு இரவும் பகலும் ஒன்றே. ஒரே நேரத்தில் இரண்டு உயிர்களைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் பிறர் துயரத்தை நாள் முழுதும் கேட்கிறார். தோல் நோய், இரத்தம் திசுப் பரிசோதனை போன்ற துறைகளில் வேலை நேரம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

இவற்றில் சோர்வு மிகுந்த துறை எது? அமெரிக்காவில் 7,288 மருத்துவர்களிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2012-இல் வந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் பணிச்சோர்வின் ஓர் அடையாளமாவது இருந்தது. அவசரப் பிரிவு, பொது மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றில் அது மிகுதியாக இருந்தது. நோயாளி முதன்முதலில் வந்து நிற்கும் வாசல்கள் இவை. இங்கே யார் வருவார், எத்தனை பேர் வருவார் என்பது மருத்துவர் கையில் இல்லை. சுமை மிகுந்து, அதைத் தானே திட்டமிடும் உரிமை குறைந்தால் மனம் விரைவில் வறளும். ஆகையால் பிள்ளை துறை தேர்ந்தெடுக்கும்போது, "எதில் சம்பளம் அதிகம்?" என்று மட்டும் கேளாமல், "எந்த வாழ்க்கை உனக்கு ஒத்துவரும்?" என்றும் கேட்க வேண்டும்.

வேலையின் நிலையாமையும் ஒரு சுமையே. 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் பல அரசாங்க மருத்துவமனைகளில் சிறிது நேரம் வெளிநடப்புச் செய்தார்கள். நிரந்தர வேலையும் மேற்படிப்பு வாய்ப்பும் கேட்டார்கள். கூலிக்கும் ஓய்வுக்கும் போராடிய தோட்ட மக்களுக்கு இந்தக் குரல் புதிதன்று. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமாக ஒன்று திரண்டவர்கள் நம் பெரியவர்கள்.

இனி நம் வீட்டில் என்ன செய்யலாம்? பிள்ளை வந்ததும் சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். உறவினர்களின் நோய்க்கெல்லாம் அன்றே மருந்து கேட்காதீர்கள். இரவு வேலை முடிந்த உடனே கார் ஓட்டி வரச் சொல்லாதீர்கள். தூக்கமின்மை, அடிக்கடி அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு இருந்தால் காத்திருக்க வேண்டாம்; உடனே மருத்துவ உதவி தேடுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. மருத்துவருக்கும் மருத்துவர் தேவை என்பதில் வெட்கமில்லை.

நாம் நோயாளியாகப் போகும்போதும் நமக்கு ஒரு பங்கு உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுக்குக் குறித்த நாளில் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போனால் அவசரப் பிரிவில் கூட்டம் குறையும். ஆனால் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கை கால் இழுப்பு என்றால் தயங்காமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும்.

பால் வற்றிய மரத்தை நம் பெரியவர்கள் சோம்பேறி என்று சொல்லவில்லை. அந்த அறிவை நம் பிள்ளைகளிடமும் காட்டுவோம்.