நுங்கு வண்டியும் துளையிட்ட அட்டையும்

வண்டிகளும் எந்திர மனிதர்களும் இயங்கும் முறையைச் சிறார்க்குக் கற்பிக்க விலையுயர்ந்த கருவிப் பெட்டிகள் வேண்டும் என்றே பலரும் கருதுகின்றனர். காஞ்சிபுரத்தில் வாழும் நமக்கு அக்கருத்து உடன்பாடன்று.

நுங்கெடுத்த பனங்காய் இரண்டினை ஒரு குச்சியின் இருமுனைகளிலும் இறுகச் செருகிக் கவைக்கோலால் தள்ளும் நுங்கு வண்டியையே முதற்பாடமாகக் கொள்ளலாம். நேரே தள்ளினால் அது தடையின்றி ஓடும். வளைவில் திருப்பினாலோ ஒரு காய் தரையில் இழுபடும். காரணத்தை நாம் முந்திக்கொண்டு சொல்லலாகாது. சிறாரே நூல்பிடித்து அளக்கட்டும். காய்களுக்கிடையே 30 செ.மீ. இருப்பின், ஒரு முழு வட்டத்தில் வெளிக்காய் உட்காயைவிட ஏறத்தாழ 188 செ.மீ. கூடுதலாக ஓடவேண்டும். வட்டம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாது என்பது அளந்து பார்த்தாலன்றி நம்புதற்கரியது! இனி, ஒரு காயின் துளையைச் சற்று அகலமாக்கி, அது கழலாதவாறு முனையில் ஒரு முளை செருகினால் வண்டி எளிதில் திரும்பும். பேருந்தின் பின்னச்சிலுள்ள பல்சக்கரங்கள் செய்வதும் இவ்வேலையே.

வைகாசித் திருவிழாவில் வரதராசப் பெருமாள் கோயில் தேர் வீதிமுனையில் திரும்புவதைச் சிறார் கண்டிருப்பர். முட்டுக்கட்டை ஒருபுறச் சக்கரத்தைத் தடுக்க, மறுபுறம் முன்செல்லத் தேர் திரும்புகிறது. எந்திர மனிதன் என்றதும் திரைப்பட உருவம் நினைவில் எழுவது இயல்பே. எனினும், தானே வழியறிந்து சக்கரத்தில் ஓடும் சிறு பெட்டியும் அவ்வினத்ததே. அதன் இரு சக்கரங்களுக்கும் தனித்தனி மோட்டார் உண்டு. ஒன்று நிற்க மற்றொன்று சுழன்றால் திருப்பம்.

எது, எப்போது சுழல வேண்டும் என அதற்குச் சொல்வது யார்? விடை தறியின் மேலேயே இருக்கிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் உருவாக்கிய பொறியில், அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு இழைகள் மேலெழும். துளையில்லாவிடத்து இழை அசையாது. தந்தையின் தொழிலைக் கூறக் கூசும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை நாம் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். அவர்களையே பழைய அட்டைகளைக் கொணர்ந்து விளக்கச் செய்தல் வேண்டும்.

பின்னர் ஓர் ஆட்டம். இருவர் ஒரு கோலின் இருமுனைகளையும் பற்றி நிற்கட்டும். மூன்றாமவர் வெற்றட்டையில், வரிக்கு இரண்டு இடமாகத் துளையிட்டு, வரிவரியாகப் படிக்கட்டும். துளையுள்ள பக்கத்தார் ஓரடி வைப்பர், இல்லாதவர் நிற்பர். இருபுறமும் துளையெனில் நேர்வழி. இடப்புறம் மட்டும் எனில் வலப்பக்கத் திருப்பம். வாயிலை அடையாமல் இருவரும் சுவரில் முட்டினால், தவறு கால்களில் இல்லை, அட்டையில்தான் என்று எவரேனும் கூவுவர். வேறோர் அட்டைக்குத் துளையிடத் தொடங்குவர்.