"துவரம்பருப்பு லீவுல போயிருக்கா?" ஒரகடம் ரோடு ஓட்டல்களைக் கலக்கும் "சாப்பாட்டு ராமன்"!

ஸ்ரீபெரும்புதூர்:

அந்த ஆசாமி ஓட்டலுக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். சர்வர் துண்டை உதறித் தோளில் போடுகிறார். சமையல்காரர் உள்ளே இருந்து எட்டிப் பார்க்கிறார்.

வருகிறவர் அதிகாரி அல்ல. போலீசும் அல்ல. லாரி ஆபீசில் கணக்கு எழுதும் கிளார்க். வயது 54. கம்பெனி கம்பெனியாக பில் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. காலையில் ஸ்ரீபெரும்புதூர், மத்தியானம் சுங்குவார்சத்திரம், ராத்திரி ஒரகடம். வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் "சாப்பாட்டு ராமன்". அவர் கோபித்துக்கொள்வதில்லை. "அந்த ராமன் வனவாசம் போனது 14 வருஷம். நான் ஓட்டல்ல சாப்பிட ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு" என்கிறார்.

சாப்பிட்டுவிட்டு சும்மா எழுந்து போகிற ஆள் இல்லை. கல்லாவில் காசு கொடுக்கும்போதே நூற்றுக்கு இத்தனை என்று மார்க்கும் சொல்லிவிடுவார். பாஸ் மார்க் 35.

வாளிக்குள் என்ன?

காலை 7 மணி. ராத்திரி ஷிப்ட் முடிந்தவர்களை கம்பெனி பஸ்கள் இறக்கிவிட்டுப் போகின்றன. ராமானுஜர் பிறந்த ஊரில், ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்கு எட்டின தூரத்தில் ஒரு டிபன் கடை. சாப்பாட்டு ராமன் இலை முன்னால் உட்கார்ந்தார்.

இட்லிக்கு 70 மார்க். "எறிஞ்சா திரும்பி வரணும்னு இல்லே. ஆனா ஆளைக் காயப்படுத்தவும் கூடாது. இது பரவாயில்லை" என்றார். சட்னிக்கு 60.

சாம்பார் வந்தது. முகம் மாறியது.

"ஏம்ப்பா, துவரம்பருப்பு லீவுல போயிருக்கா?"

"அடியில இருக்கும் சார்" என்றார் சர்வர்.

அவரே கரண்டியை வாங்கி ஒரு கலக்கு கலக்கினார். "அடியிலேயும் வாளிதான்யா இருக்கு!"

கடையே சிரித்தது. கல்லாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

பக்கத்திலேயே காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோவிலில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் அவிக்கும் இட்லி ஊரறிந்தது. "அந்தப் பெருமாளுக்கு அப்படி. இந்தப் பெருமாளைக் கும்பிட வர்றவனுக்கு இப்படியா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். சாம்பாருக்கு 20. பெயில்!

கார் வந்தது, மெஸ் வந்தது

ஒரு காலத்தில் இந்த வட்டாரம் வயலும் ஏரியுமாக இருந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் இருந்து கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன். 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் கார். அதன் பிறகு லாரி, டயர், மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கு எதிரிலும் ஒரு டீக்கடை, ஒரு மெஸ், ஒரு கையேந்தி பவன் முளைத்தது.

கம்பெனிக்கு ஜுரம் வந்தால் எதிர்க்கடைக்குத் தும்மல் வரும். 2014-ல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. அந்த ஷிப்ட் ஆட்களை நம்பி அடுப்பு பற்றவைத்தவர்களுக்கு அப்போது புரிந்தது, கல்லாப் பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று.

இன்று பீகார், ஒடிசா, ஜார்கண்ட் ஆட்களுக்காக ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. கொரியாக்காரர்களுக்காக கொரியா ஓட்டல்களே இருக்கின்றன. சாப்பாட்டு ராமன் அதையும் விட்டுவைக்கவில்லை. கிம்ச்சி எனப்படும் முட்டைகோஸ் ஊறுகாயைத் தின்று பார்த்துவிட்டு அவர் கொடுத்த தீர்ப்பு: "காரம் நம்ம ஊரு. புளிப்பு நம்ம ஊரு. மார்க் 55. தயிர்சாதம் வெச்சிருந்தா 80 போட்டிருப்பேன்!"

நாலு சோதனை

ஓட்டலுக்குள் நுழையும் முன்பு அவர் நடத்தும் சோதனை பற்றி அவர் கூறியதாவது:-

"முதல்ல கை கழுவுற இடத்தைப் பார்ப்பேன். அங்கே வழுக்கினா, சமையல்கட்டிலே நீச்சல் அடிக்கணும். ரெண்டாவது, வாசல்ல லாரி நிக்குதான்னு பார்ப்பேன். டிரைவருக்கு வயிறு கெட்டா லோடு நின்னுடும். அதனால அவன் கெட்ட கடையிலே நிறுத்த மாட்டான். மூணாவது, சோத்துலே ஆவி வரணும். நாலாவது, சுவத்துலே லைசென்ஸ் நம்பர். நான் கிளார்க். நம்பர் இல்லாத பில்லை நம்பமாட்டேன்."

அந்த நம்பர் 14 இலக்கம். 2006-ம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டம் 2011-ல் அமலுக்கு வந்தது. சின்னக் கடையானாலும் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழைப் பார்வையில் மாட்டி வைக்க வேண்டும். பல கடைகளில் சாமி படத்துக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டு ராமன் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் படத்தை நகர்த்திப் பார்ப்பார்!

ஆவி விஷயமும் வேடிக்கை அல்ல. சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிருமிக்குத் திருவிழா. மத்தியானம் வடித்த சோறு வெளியிலேயே கிடந்து ராத்திரி ஷிப்டுக்கு வந்தால் ஆபத்து. சில கிருமிகள் கக்கும் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது.

"எங்கே போய் மாத்துறது ஐயா?"

மத்தியானம். சுங்குவார்சத்திரம். நெடுஞ்சாலை ஓரத்து மெஸ். ரசத்தைக் குடித்த சாப்பாட்டு ராமன் கண்ணை மூடிக்கொண்டார். "இது ரசம்! ஒரு ஷிப்ட் முடிச்சவன் இதைக் குடிச்சா இன்னொரு ஷிப்டுக்கும் போவான். மார்க் 90." அடுத்து மோர் வந்தது. "இது மோரா, மோர்ப் பானையைக் கழுவின தண்ணியா? மார்க் 10."

பக்கத்தில் பார்சலுக்காக இரண்டு பெண்கள் நின்றார்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. தென்மாவட்டத்துப் பேச்சு. அவர் மார்க் போடுவதைக் கேட்டு இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்கம்மா. பிடிக்கலேன்னா முகத்துக்கு நேரா சொல்லணும். அடுத்த கடைக்குப் போயிடணும். அப்பத்தான் இவங்க திருந்துவாங்க" என்றார்.

ஒரு பெண் சிரிப்பை நிறுத்தினாள். "கடைன்னா போயிடலாம் ஐயா. ஹாஸ்டல்ல போடுற சோத்தை எங்கே போய் மாத்துறது?"

ஊருக்கே மார்க் போடுகிறவர் கப்சிப்!

அந்தக் கேள்வி இந்த ரோட்டில் ஏற்கெனவே ஒரு முறை கேட்கப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமானது. 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. செத்துவிட்டதாக வதந்தி பரவியது.

டிசம்பர் 17-ந்தேதி ராத்திரி பெண்கள் திரண்டு வந்து சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடிய விடிய மறியல். வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. யாரும் சாகவில்லை என்பதை ஆஸ்பத்திரியில் இருந்த பெண்களை வீடியோ காலில் பேச வைத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

சுமார் 17 ஆயிரம் பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டது. 2022 ஜனவரி 12-ந்தேதிதான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிப்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஒரு தட்டு சோறு உலகக் கம்பெனியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டது!

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். 13 பிளாக். பிளாக்குக்கு 240 அறை. அறைக்கு 6 பேர். மொத்தம் 18,720 பேர் தங்கலாம். கட்டடம் எழும்பிவிட்டது. ஆனால் இந்த ரோட்டில் தனியார் விடுதிகளிலும் வாடகை வீடுகளிலும் தங்கி, போடுவதைச் சாப்பிடும் பெண்கள் இன்னும் ஏராளம்.

பேப்பரில் பஜ்ஜி

சாயங்காலம் 5 மணி. வல்லம் பக்கம் ஒரு தள்ளுவண்டி. நாலு பஜ்ஜியை மாலைப் பேப்பரில் வைத்து நீட்டினார் கடைக்காரர்.

"இந்தச் செய்தியை நான் படிச்சாச்சு. அதைத் தின்னவும் சொல்றியா?"

செய்தித்தாளில் பலகாரம் மடித்துக் கொடுப்பதை 2018-ம் ஆண்டு விதிகள் தடை செய்துவிட்டன. எண்ணெயில் அச்சு மை கரைந்து வயிற்றுக்குள் போகும் என்பதே காரணம். வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்ததும் பஜ்ஜிக்கு 65 மார்க் விழுந்தது. (பத்திரிகை வாங்கும் வாசகர்கள் படித்துவிட்டு வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்!)

ராத்திரி 9 மணி. ஒரகடம். பரோட்டாவைப் பிய்க்க முடியவில்லை. "டயர் கம்பெனி அந்தப் பக்கம்தானே? இங்கே எப்படி வந்தது?" என்று ஆரம்பித்தார். ஆனால் வழக்கம்போல மார்க் சொல்லவில்லை. எழுந்து நேராக சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மாவு எப்போது பிசைந்தது, சால்னா எப்போது வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்ன சார் இன்னிக்கு ஆபீசர் மாதிரி?" என்றார் முதலாளி.

"எனக்குப் பிடிக்கலேன்னா அடுத்த கடைக்குப் போயிடுவேன். போக முடியாதவங்களும் இந்த ரோட்டிலே சாப்பிடுறாங்க. இனிமே ருசிக்கு அப்புறம்தான் மார்க். முதல் மார்க் சுத்தத்துக்கு. அதிலே பெயிலானா மொத்தமும் பெயில்" என்றார்.

சாப்பாடு சரியில்லை என்றால் உணவு பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப்பிலேயே புகார் அனுப்பலாம். அந்த நம்பரை அவர் தன் பில் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். சுங்குவார்சத்திரம் மெஸ்சில் அந்தப் பெண்களை மறுபடி பார்த்தால் கொடுப்பதற்காக இன்னொரு சீட்டிலும் எழுதி சட்டைப் பையில் போட்டிருக்கிறார்.

மறுநாள் காலை. அதே டிபன் கடை. சர்வர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார், பருப்பு இன்னிக்கு டூட்டிக்கு வந்துடுச்சு!"

கரண்டி கெட்டியாக இறங்கியது. மார்க் 75. சாம்பார் பாஸ்!