பிரஷர் இறங்கிய பிறகும்

“பிரசவம் முடிந்ததும் பிரஷர் இறங்கிவிட்டது. இனிமேல் பயமில்லைதானே?” என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். கர்ப்பத்தில் அவருக்கு வந்தது பிரீஎக்லாம்ப்சியா. கால் வீக்கம், சிறுநீரில் புரதம், ஜன்னி வந்துவிடுமோ என்ற கலக்கம் எல்லாம் நம் வீடுகள் அறிந்தவை. அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

பிரஷர் ஏறினால் ரத்தம் கூடிவிட்டது என்றுதான் நினைப்போம். இங்கே நேர்மாறு. இயல்பான கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் வரை பெருகும். இந்த நோயில் அவ்வளவு பெருகாது. உடம்பெல்லாம் வீங்கியிருக்கும், ரத்தக்குழாய்க்குள் நீர் போதாது. பிள்ளை பெற்றுப் பல மாதங்கள் ஆன இத்தகைய பெண்களை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கணிசமானவர்களுக்குப் பிளாஸ்மா அப்போதும் குறைவாகவே இருந்தது.

அதை அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அம்மா வெள்ளைத் துணி அலசும் வாளியில் சொட்டு நீலம் விடுவார். தண்ணீர் குறைந்தால் நிறம் அடர்த்தி, கூடினால் வெளிறல். இங்கே நீலத்துக்குப் பதில் கதிரியக்க அயோடின் ஏற்றிய அல்புமின் புரதம். அளந்து ஊசியில் செலுத்தி, ரத்தத்தோடு கலந்ததும் மாதிரி எடுத்து, எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்று பார்த்தால் கணக்கு வந்துவிடும்.

பிளாஸ்மாவோடு சிரைகளையும் பார்க்க வேண்டும். உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அவற்றில்தான் தங்குகிறது. அவை நெகிழ்ந்து கொடுத்தால்தான் கையிருப்பு. அந்த நெகிழ்வைச் சோதிக்க, மேல்கையில் பட்டை கட்டி அளவாகக் காற்றடைப்பார்கள்: தமனி வழியே ரத்தம் நுழையும், சிரை வழியே திரும்பாது. முன்கை மெல்ல உப்பும். இந்தப் பெண்களில் பலருக்கு அந்த உப்பல் குறைவு, சிரை விறைத்திருக்கிறது. பிளாஸ்மா குறைந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்திலும் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஆனால் 12 வாரம் முறையாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பிளாஸ்மாவும் கூடியது, சிரையும் இளகியது.

பிற்காலத்தில் நிரந்தர ரத்தக்கொதிப்பு வரும் ஆபத்து இவர்களுக்கு மூன்று நான்கு மடங்கு, இதயநோய் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. இருந்தும் டிஸ்சார்ஜ் சீட்டோடு கதை முடிந்துவிடுகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி நாள் குறித்துத் தருகிறோம், தாய்க்குப் பிரஷர் பார்க்க ஒரு நாள் குறிக்கிறோமா? நாற்பது வயதில் நெஞ்சுவலி என்று வரும் பெண்ணிடம் பிரசவ காலத்துப் பிரஷரைப் பற்றி எத்தனை பேர் விசாரிக்கிறார்கள்? கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா. வருடம் ஒருமுறையாவது பிரஷர் பாருங்கள். அடுத்த குழந்தைக்கு நாள் தள்ளினால், உடனே மருத்துவரிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். நோய் திரும்பாமல் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவைப்பட்டால் அதை 16 வாரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது.